எருமை இழுத்த தோல் படகு

ஆம்பூரில் தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டி வேலை பார்த்த தனகோடி கோயிலுக்குப் போகமாட்டான், சாராயம் தொடமாட்டான், கண்ணால் பார்க்காத எதையும் நம்பமாட்டான். அவனுக்கு இருந்த ஒரே பைத்தியம் முக்குளிப்பான். வாத்தில் பாதிகூட இல்லாத அந்தப் பறவை ஊர் ஏரியில் பொசுக்கென்று முங்கி, எங்கேயோ போய்த் தலையைத் தூக்கும். குஞ்சு பொரித்ததும் அவற்றை முதுகில் ஏற்றிக்கொண்டு நீந்துமாம். யாரோ சொல்லக் கேட்டதிலிருந்து, அதைப் பார்க்காமல் சாவதில்லை என்று இருந்தான்.

கூடு ஏரி நடுவே கோரைக்குள் மிதந்தது. அங்கே போகத் தனகோடி மூங்கிலை வளைத்துக் கட்டினான். ஷாப்பில் கழித்துப்போட்ட தோல்களை அவன் தோஸ்த் ஹயாத் பாஷா கொண்டுவந்தான். தைத்துப் புங்க எண்ணெய் பூசியதும், ஒருவர் கால் நீட்டி உட்காரும் ஒல்லிப் படகு பிறந்தது. மூக்கு மேலே வளைந்திருந்தது.

"இன்னா தோஸ்த், ராட்சசன் செருப்பு மாதிரி கீது?" என்றான் ஹயாத் பாஷா.

"இன்னொரு காலு எங்கய்யா?" என்றாள் மனைவி சௌந்தரம்.

செருப்பு நன்றாகவே மிதந்தது. ஆனால் துடுப்பை ஒரு தரம் போட்டாலே முக்குளிப்பான் முங்கிவிடும், நாமக்கோழிகள் தண்ணீர்மேல் ஓடும், கொக்குகள் பக்கத்து ஊருக்கே போய்விடும். பத்தடிக்குள் அவனை நெருங்கவிட்டது தவளை மட்டும்தான்.

அதற்குள் நாட்டாமை அரங்கநாதன் பஞ்சாயத்தைக் கூட்டிவிட்டார். சேரிக்காரன் ஏரியில் இறங்கியதே குற்றம். இவன் தோலோடு இறங்கியிருக்கிறான்! சட்டம் தீண்டாமையை ஒழித்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. அந்தச் சேதி இந்த ஊர் ஆலமரத்தடிக்கு மட்டும் இன்னும் வந்து சேரவில்லை.

"தோல் பட்டா தண்ணி தீட்டுடா. படகைப் பிரிச்சுப் போடு."

தனகோடி கோரைப் பக்கம் பார்த்தான். குஞ்சுகள் இன்றோ நாளையோ வெளிவரும் நேரம்.

"ஐயா, உங்க கெணத்துல கவலை ஓடுதே, தண்ணி மொள்ற அந்தப் பை இன்னா பட்டுத் துணியா? அதுவும் தோலுதான். நான் பதம்போட்டதுதான்."

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நாட்டாமை மீசையை இந்தப் பக்கம் முறுக்கினார், அந்தப் பக்கம் முறுக்கினார். மீசையிலிருந்து ஒரு சாஸ்திரம் வந்தது.

"அது வேற. கவலையை மாடு இழுக்குது. மாடு இழுத்தா தீட்டு இல்ல."

"அப்ப மாடு இழுத்தா சரிங்களா?"

"சரிதான், போடா!"

மறுநாள் காலை தனகோடி, சௌந்தரத்தின் எருமையைப் படகில் பூட்டி உள்ளே உட்கார்ந்தான். கரையில் ஊரே நின்றது. எருமை மூக்கை மட்டும் வெளியே நீட்டி, ராட்சசன் செருப்பை இழுத்துக்கொண்டு நிதானமாக நீந்தியது. பிறந்த நாளிலிருந்து எருமைகளைப் பார்த்து வளர்ந்த பறவைகள் அசையவே இல்லை. கொக்கு ஒன்று எருமை முதுகில் உட்கார்ந்தது. கால் நனைந்ததும் தனகோடியின் தலைப்பாகைக்குக் குடிமாறியது. எருமை நேரே கோரைக்குள் புகுந்து மேயத் தொடங்கியது.

கைக்கெட்டும் தூரத்தில் முக்குளிப்பான்! அதன் முதுகு இறகுக்குள்ளிருந்து வரிபோட்ட மூன்று குஞ்சுத் தலைகள் எட்டிப்பார்த்தன. தனகோடிக்குத் துள்ளிக் குதிக்கவேண்டும்போல் இருந்தது. தலையில் கொக்கு இருந்ததால் குதிக்கவில்லை.

எருமைக்கு மனம் வந்து கரை திரும்பியபோது வெயில் சாய்ந்திருந்தது. நாட்டாமை மட்டும் நின்றிருந்தார்.

"இன்னாடா பார்த்த?"

"குஞ்சுங்க அம்மா முதுகுல சவாரி போவுதுங்க ஐயா. நெசந்தான்."

அவர் நாலாபக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "நானும் ஒரு தபா உக்காந்து பாக்கட்டுமா?"

"எருமையைக் கேளுங்க. தீட்டைக் கழிச்சது அதுதானே."

எருமை நாட்டாமையை ஏற இறங்கப் பார்த்தது. பிறகு அவர் பக்கத்தில் போய், உடம்பை ஒரு சிலுப்புச் சிலுப்பியது. தோல் பட்ட தண்ணீர் மீசைவரை தெறித்தது.