பெரட்டுக்கு வந்த வண்டி

தேயிலை விலை விழுந்துகொண்டே போன வருடங்களில்தான் என் காரை ஜீப் மாதிரி ஆக்கிப் பார்க்கும் கிறுக்கு எனக்குப் பிடித்தது.

"ஊரே கையப் பெசஞ்சுட்டு நிக்குதுங்க. இப்ப உங்களுக்கு இது ஒண்ணுதான் கொறச்சல்" என்றாள் மனைவி. நியாயமான பேச்சுதான். எனக்குத்தான் எரிச்சலாக இருந்தது.

நான் குன்னூரில் ஒரு தேயிலைத் தரகர் அலுவலகத்தில் வேலை பார்த்தேன். ஏலத்துக்கு வரும் தூளை வரிசையாகக் கோப்பைகளில் போட்டு, ருசி பார்ப்பவர் முன்னால் வைப்பது என் வேலை. அந்த வருடங்களில் போன வாரம் வைத்த தூளே இந்த வாரமும் திரும்பி வரும். கேட்க ஆளில்லை. எஸ்டேட்டுகள் ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தன. எனக்கு மட்டும் சம்பளம் தவறாமல் வந்தது, கையில் ஒரு பழைய சின்னக் காரும் இருந்தது. அலுவலகத்துக்குப் போகவும் வரவும் தவிர அதற்கு வேறு வேலையில்லை. தீப்பெட்டிக்குச் சக்கரம் வைத்தது போல இருக்கும்.

ஜீப் ஆசை சின்ன வயதில் ஒட்டிக்கொண்டது. என் அப்பாவும் அம்மாவும் சிலோன் தோட்டத்தில் இருந்து திருப்பி அனுப்பப்பட்டவர்கள். அக்கா அங்கே பிறந்தவள், நான் இங்கே எஸ்டேட் ஆட்களின் வரிசை வீடான லயத்தில் பிறந்தவன். எங்கள் எஸ்டேட் மேனேஜரை எல்லோரும் துரை என்றுதான் சொல்வார்கள். துரையின் ஜீப் பச்சை நிறம். முன்னால் மோதல் தாங்கக் கனத்த இரும்புக் கார்டு, அதில் இரண்டு மஞ்சள் விளக்குகள். பனிக்குள் அந்த விளக்குகள் தெரிந்ததும் வாசலில் உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்துவிடுவார்கள். ஆண்கள் மடித்துக் கட்டிய சாரத்தை இறக்கிவிடுவார்கள். துரை ஜன்னலுக்கு வெளியே கையை லேசாகத் தூக்கிவிட்டுப் போவார். அப்பா அப்படி எழுந்து நிற்பதைப் பார்க்க எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். ஆனால் அந்த ஜீப்பை ஓட்ட வேண்டும் என்ற ஆசையும் கூடவே வரும்.

அருவங்காடு போகும் வழியில் ஒரு பட்டறையில் காரைக் கொண்டுபோய் விட்டேன். பட்டறைக்காரர் நான் கேட்டதை எல்லாம் கேட்டு முடித்துவிட்டுத் தலையைச் சொறிந்தார்.

"ஏனுங்க, இதுக்குப் பேசாம பழைய ஜீப்பே ஒண்ணு புடிச்சிருக்கலாமுங்களே?"

ஆனாலும் செய்தார். ஸ்பிரிங்குக்குக் கட்டை வைத்து வண்டியை உயர்த்தினார். காட்டு ரோட்டுக்கான கனத்த பட்டன் டயர் போட்டார். முழுசாக ஒடித்துத் திருப்பினால் அது மட்கார்டில் உரசும். பின்னால் ஸ்டெப்னியைத் தொங்கவிட்டு, மேலே கேரியர் வைத்து, கண்ணாடிகளுக்குக் கறுப்பு பிலிம் ஒட்டினார். கடைசியாக ஒரு நாள் பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு கார்டைத் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் போட்டார்.

"எஸ்டேட் ஜீப் ஒண்ண ஒடச்சு வித்துட்டாங்கொ. அதுல கெடச்சுதுங்க. லைட்டோட இருக்குது பாருங்க."

எங்கள் எஸ்டேட் ஜீப்பின் கார்டு அது. நான் சின்னவனாக இருந்தபோது காட்டெருமை மோதி வலது பக்கம் உள்ளே வளைந்திருந்ததை வைத்தே கண்டுபிடித்துவிட்டேன். அப்போதே வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். மாறாக, பெயின்டையும் அதே பச்சையில் அடிக்கச் சொன்னேன்.

அப்போது அந்த எஸ்டேட் மூடிப் பல மாதங்கள் ஆகியிருந்தன. துரை லீவில் போகிறேன் என்று ஜீப்பில் போனவர் திரும்பி வரவில்லை. அக்காவும் மச்சானும் அதே லயத்தில்தான் இருந்தார்கள். காலையில் வேலைக்குப் பேர் கொடுக்கக் கூடுவதை சிலோனில் இருந்து வந்தவர்கள் பெரட்டு என்பார்கள். எஸ்டேட் மூடிய பிறகும் அங்கே தினமும் பெரட்டு நடந்தது. கூப்பிட ஆளில்லை, எழுதிக்கொள்ள ஆளில்லை. ஆனாலும் கூடையை மாட்டிக்கொண்டு வந்து பாக்டரிக்கு எதிரே களத்தில் நின்றுவிட்டுப் போவார்கள். வேலையை விட்டுப் போனது நீங்கள்தான் என்று நாளைக்கு யாரும் சொல்லிவிடக் கூடாதாம்.

நான் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மச்சானுக்கு வேலை பேசி வைத்திருந்தேன். தங்க இடமும் உண்டு. திங்கட்கிழமை சேர வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த ஆளுக்குப் போய்விடும். மச்சானுக்கு முழுச் சம்மதம். அக்காதான் இழுத்தாள்.

"நாங்க போன மறுநாளே தொறந்துட்டா என்னடா பண்றது?"

பல வாரம் அவளிடம் மல்லுக்கட்டித்தான் சரி என்று சொல்ல வைத்தேன். ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறுவதாக ஏற்பாடு. நானே காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்று சொல்லத்தான் சனிக்கிழமை காலையில் கிளம்பினேன். அவளுக்குக் காரைக் காட்ட வேண்டும் என்பதும் உண்மை. ஒளிப்பானேன், அதுதான் பெரிய உண்மை.

எஸ்டேட் ரோட்டில் திரும்பும்போது பனி கண்ணை மறைத்தது. மஞ்சள் விளக்குகளைப் போட்டேன். பாக்டரி வளைவில் ஏறியதும் களத்தில் ஆட்கள் நிற்பது நிழலாகத் தெரிந்தது. பெரட்டு நேரம் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. முதலில் ஒரு கிழவர் சாரத்தை இறக்கிவிட்டார். பிறகு எல்லோரும் இறக்கினார்கள். பெண்கள் தலைத்துணியைச் சரி செய்துகொண்டு வரிசையில் வந்து நின்றார்கள். அத்தனை முகங்களும் விளக்குகளையே பார்த்தன. இரண்டாவது வரிசையில் அக்கா நின்றாள்.

கதவைத் திறந்து இறங்கியிருக்கலாம். "நாந்தான், லயத்துப் பையன்" என்று சொல்லியிருக்கலாம். சிரித்திருப்பார்கள், கோபத்தில் நாலு வார்த்தை திட்டியும் இருப்பார்கள். அதோடு போயிருக்கும். இறங்க எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடக் கேவலமான ஒன்றும் உண்டு, சொல்லிவிடுகிறேன். அவர்கள் சாரத்தை இறக்கிவிட்டு நின்றது எனக்குப் பிடித்திருந்தது. ஒரு நிமிடம், ஒரே ஒரு நிமிடம், நான் துரையாக இருந்தேன். கறுப்புக் கண்ணாடியைப் பாதி இறக்கி, கையை மட்டும் வெளியே நீட்டி லேசாகத் தூக்கினேன். டயர் உரச வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டுக்குப் போகாமல் நேராகப் பட்டறைக்குப் போய், எல்லாவற்றையும் கழற்றுங்கள், வெள்ளை பெயின்ட் அடியுங்கள் என்றேன். பட்டறைக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"என்னுங்க, வண்டில பேய் கீய் ஏறிக்கிச்சுங்களா?"

அன்று சாயங்காலமே அக்கா பஸ் பிடித்து எங்கள் வீட்டுக்கு வந்தாள். மாதக்கணக்கில் நான் பார்க்காத சிரிப்பு அவள் முகத்தில்.

"தம்பி, தொர வந்துட்டாருடா! பெரட்டுக்கே வந்தாரு. கையத் தூக்குனாரு. கம்பெனி ஆளுகளக் கூட்டியாரத்தான் திரும்பிப் போயிருக்காருன்னு சொல்றாக. நாங்க திருப்பூருக்குப் போகல."

"அக்கா, அவர் வரமாட்டாருக்கா. நம்பாத."

"போடா! எங்கண்ணால பாத்தேங்கிறேன்."

"பனியில யாரப் பாத்தியோ."

"அந்த லைட்டு எனக்குத் தெரியாதா?"

அது நான்தான் என்று சொன்னால் போதும். நாக்கு நுனி வரை வந்தது. மனைவி காபியோடு வந்து நின்றாள், அக்கா அவளிடமும் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தாள். நாளைக் காலையில் போய்ச் சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். மறுநாள் காலையில் போகவில்லை. திங்கட்கிழமை திருப்பூர் வேலை வேறு ஆளுக்குப் போனது.

எஸ்டேட் திறக்கவில்லை. லயத்தில் பாதிப் பேர் ஒவ்வொருவராக எங்கெங்கோ போனார்கள். அக்கா மட்டும் அசையவில்லை. மச்சான் மரம் வெட்டும் கான்ட்ராக்டரிடம் கூலிக்குப் போனார். தேயிலைக்கு நடுவே நிழலுக்கு வைத்திருந்த சில்வர் ஓக் மரங்களை அந்த நாளில் எல்லா எஸ்டேட்டிலும் வெட்டி விற்றுக்கொண்டிருந்தார்கள். மழை பிடித்த ஒரு பகலில் ஒரு மரம் நினைத்த பக்கம் விழாமல் அவர் நின்ற பக்கம் விழுந்தது. தகவல் வந்து நான் ஓடினேன். என் காரில்தான் அவரை ஏற்றினோம். பின் சீட்டில் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டு அக்கா உட்கார்ந்திருந்தாள். குன்னூர் ஆஸ்பத்திரிக்குப் போவதற்குள் முடிந்துவிட்டது. அவள் அந்தக் காரில் ஏறியது அந்த ஒரு தடவைதான். கதவு இடுக்கில் ஒரு விரல் அகலத்துக்குப் பச்சை பெயின்ட் மறைக்கப்படாமல் இருந்தது. அவள் அதைப் பார்த்தாளா என்று எனக்குத் தெரியாது. அடுத்த மாதமே காரை விற்றேன்.

விற்றும் அது என்னை விடவில்லை. பனி இறங்கிய நாளில் எதிரே எந்த வண்டி மஞ்சள் விளக்கோடு வந்தாலும், அதற்குள் உட்கார்ந்திருப்பவன் நான்தான் என்று தோன்றும். ரோட்டோரம் ஒதுங்கி, அது போகும் வரை குனிந்து நிற்பேன். அக்காவுக்குப் படிக்கத் தெரியாது. அந்தத் தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.

அக்கா இப்போதும் அதே லயத்தில் இருக்கிறாள். கேத்திப் பக்கம் கேரட் தோட்டத்துக்குக் கூலிக்குப் போகிறாள். போன மாதம் மச்சானுக்குத் திதி. படையல் முடிந்து, அவளுடைய ஒற்றை அறைக் காம்பராவில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் உட்கார்ந்திருந்தோம்.

"அன்னைக்கு வந்த தொர மேல எனக்குக் கோவமே இல்லடா தம்பி. அவருக்கு என்னையத் தெரியுமா? நாங்க மறுநா கெளம்ப இருந்தது தெரியுமா? போக வேணாம்னு ஒம் மச்சானப் புடிச்சு வச்சவ நான்தானே. நான்தான்டா அவரக் கொன்னுட்டேன்."

இத்தனை வருடமாக அவள் இப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். தெரியும் அக்கா, துரைக்கு உன்னையும் தெரியும், நீ கிளம்ப இருந்ததும் தெரியும் என்று சொல்ல வேண்டும். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கேரட்டு வேலை இப்ப நெறைய இருக்காக்கா?" என்று கேட்டேன்.