கீரப்பாளையத்தில் இறங்கிய விண்கலமும் சவரிமுத்து மாமாவும்

பொதுமக்களின் மேலான கவனத்திற்கு: கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் காலை ஏழே முக்கால் பேருந்து, இரண்டு வாரமாகச் சரியான நேரத்துக்குப் போய்ச் சேருகிறது. கதை முடியட்டும் என்று எந்த நிறுத்தத்திலும் வண்டி காத்திருப்பதில்லை.

இந்த முன்னேற்றத்துக்குக் காரணம், அதன் நடத்துநர் சவரிமுத்து மாமா இறந்துவிட்டதுதான். ஞாயிறு பூசை முடிந்து செம்மண்டலம் வீட்டுக்கு வந்தவர், நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தார், எழவில்லை. திரைக்கதைப் போட்டிக்கு எழுதும் நம் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்ததும் நான் சிரிக்கும் பொம்மை ஒன்றைப் போட்டேன். என் குறும்புகளுக்கெல்லாம் சேர்த்து அவர் பழிவாங்குகிறார் என்றே நினைத்தேன். கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள் வந்தபோதுதான் அதை அழித்தேன்.

அவரைப் பேருந்தில் மட்டும் அறிந்தவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சிதம்பரத்தில் வருடந்தோறும் விஞ்ஞானக் கதைக்கும் மாயாஜாலக் கதைக்கும் மட்டும் குறும்படத் திரைக்கதை விருது ஒன்று கொடுக்கிறார்கள். மாமா ஒரு வருடம்கூட விடாமல் அனுப்பினார். ஒரு வருடமும் கிடைக்கவில்லை. "ஜட்ஜுங்கல்லாம் பூமியில இருக்காங்க மாப்ள. நம்ம கத மேலேர்ந்து இறங்கணும்ல, லேட்டாவத்தான் செய்யும்" என்பார்.

ஒருமுறை மூக்கைப் பிடித்துக்கொண்டு, விருதுக் குழுத் தலைவர் பேசுவதாக அவருக்குப் போன் செய்தேன். "வாழ்த்துகள், இந்த ஆண்டு விருது உங்களுக்கே!"

"ரொம்ப சந்தோஷம் சார். எந்தக் கதைக்கு? நான் இந்த வருசம் இன்னும் அனுப்பவே இல்லியே?"

"அது... நீங்கள் அனுப்பப்போகும் கதைக்குத்தான்" என்றேன்.

"மூக்க விட்டுட்டுப் பேசு மாப்ள. மூச்சு முட்டப் போவுது."

கல்லூரிக்குப் போகும் நான் முன்படிக்குப் பக்கத்தில் நிற்பேன். எழுதும் ஒவ்வொரு கதையையும் முதலில் என்னிடம்தான் சொல்வார். நடுநடுவே சீட்டுக் கிழிப்பார். செவ்வாய்க் கிரகத்தில் ஒருவன் உயிருக்குப் போராடிக்கொண்டிருக்கும்போது, "சில்லற இருக்காம்மா?" என்று கேட்டுவிட்டு வருவார். அவன் அதுவரை சாகாமல் காத்திருப்பான். இறப்பைப் பற்றிப் பேசினால், "ஊருக்கே டிக்கெட் குடுத்தவன், ஒரு நாளு நானும் வாங்கித்தான் ஆவணும்" என்று அவரே சிரிப்பார். அந்தச் சிரிப்பை நம்பித்தான் இப்படி எழுதுகிறேன். அவர் வீட்டில் உள்ளவர்கள் மன்னிக்க வேண்டும்.

போன வருடம் நானும் போட்டிக்கு அனுப்பினேன். முதல் தடவையிலேயே விருது. இதுவரை வாங்கியவர்களிலேயே வயதில் குறைந்தவன் நான்தான். இதை நான் சொல்லிக் கேட்காதவர் கடலூரில் யாராவது இருந்தால் கை தூக்கலாம். 'அந்தக் கடைசிக் காட்சி ஒன்றே போதும்' என்று நடுவர் மேடையில் சொன்னதையும் சேர்த்தே சொல்லியிருப்பேன்.

அந்தக் கடைசிக் காட்சியைப் பற்றித்தான் பேச வேண்டும்.

மாமாவின் கதையொன்றில், வேற்றுக்கிரகத்திலிருந்து வழிதவறி வந்த ஒருவனைக் கீரப்பாளையத்து உழவர் வீடு ஒன்று ஒளித்துவைத்துக் காப்பாற்றும். அவனைத் தேடி அவன் ஆட்கள் வயலில் வந்து இறங்குவார்கள். இதற்கு இரண்டு முடிவுகள் வைத்திருந்தார். ஒன்றில் ராணுவம் வந்து குண்டு போடும். இன்னொன்றில், ஊரே நடுங்கி நிற்க, அந்த வீட்டம்மா முன்னால் போய், "எத்தன பேரு வந்துருக்கீங்க? சொன்னா அதுக்கேத்த மாதிரி புளிசோறு கட்டித் தருவேன்" என்று கேட்பாள்.

"எது மாப்ள நல்லாருக்கு?"

எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. வாய் மட்டும், "குண்டு போடுங்க மாமா. அதான் மாஸ்" என்றது.

அவர் நம்பினார். ராணுவத்தை அனுப்பித் தோற்றார். நான் கீரப்பாளையத்தைக் கடலூர் துறைமுகமாக்கி, புளிசோற்றை மீன் குழம்பாக்கி அனுப்பினேன்.

பரிசளிப்பன்று மூன்றாம் வரிசையில் இருந்தார். என் கடைசிக் காட்சியை மேடையில் படித்தபோது முதலில் கைதட்டியவர் அவர்தான். வெளியே வந்து என் தோளில் கை போட்டார். "கொழம்பு நல்லாருந்துச்சு மாப்ள. புளிதான் கொஞ்சம் ஜாஸ்தி." அவ்வளவுதான். நம்மில் ஒருவரிடமும் அவர் அதைச் சொல்லவில்லை. மறுநாள் காலைப் பேருந்தில் ஏற நான் பயந்தேன். "வா மாப்ள, புதுசா ஒண்ணு கெடச்சிருக்கு" என்று ஆரம்பித்தார். முடிவையும் மறைக்காமல் சொன்னார். திருடனிடம் மறுபடி சாவியைக் கொடுத்த அந்த மனிதருக்கு நான் நன்றிகூடச் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

விருதுக் குழுவினர் போன வருடப் பட்டியலில் என் பெயரை அடித்துவிட்டு அவர் பெயரை எழுதிக்கொள்ளலாம். கேடயத்தை நானே கொண்டுபோய் அவர் வீட்டில் கொடுத்துவிடுகிறேன். ஒரு வாரம் மட்டும் அவகாசம் வேண்டும். அம்மா அதைத் தினமும் துடைத்து வைக்கிறாள். அவளிடம் எப்படிச் சொல்வதென்றுதான் இன்னும் தெரியவில்லை.