அண்ணன் சொல்லித் தீர்த்த கதை

ஜூப்ளி ஹில்ஸில் ஒரு தயாரிப்பாளர் வீட்டுக் கூடத்தில் பழுப்பு நிற சோபா ஒன்று இருந்தது. உட்கார்ந்தால் இடுப்புவரை உள்ளே இழுத்துக்கொள்ளும். ஐ.டி. கம்பெனிகள் முளைத்துக்கொண்டிருந்த அந்த வருஷங்களில் எங்கள் ஞாயிற்றுக்கிழமைகள் அதில்தான் புதைந்தன. அண்ணன் கச்சிபௌலியில் மென்பொருள் வேலையில் இருந்தான், மனசெல்லாம் சினிமா. ஒரு திரைக்கதை எழுதி வைத்திருந்தான். அது விற்றால் மறுநாளே வேலையை விடுவேன் என்பான். ஆனால் எழுதியதை சினிமாக்காரர்களில் எவர் படித்தார்? நேரில் உட்கார்ந்து, அழுது, சண்டை போட்டு, நடித்தே சொல்ல வேண்டும். சரியான இடத்தில் சிரிக்க ஆள் வேண்டுமென்று செகந்திராபாத் மாரெட்பள்ளியில் எங்கள் வீட்டிலிருந்து என்னையும் இழுத்துக்கொண்டு போவான்.

முதல் நாளே தயாரிப்பாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இது நம்ம கதை பாபு. வேற யாருக்கும் சொல்லாதே" என்று தெலுங்கில் சொன்னார். அண்ணனும் தலைகால் புரியாமல் வாக்குக் கொடுத்துவிட்டான். பிறகு தன் மச்சினருக்கு ஒரு தடவை சொல் என்றார். அப்புறம் சம்பந்திக்கு, அமெரிக்காவிலிருந்து வந்த மகளுக்கு. விருந்தாளிகள் வந்தாலே போன் வரும். பிரியாணிக்கு முன்னால் அண்ணனின் கதை! அவனை அங்கே வேடிக்கைக்கு வைத்திருக்கிறார்கள் என்று எனக்குப் புரிந்துவிட்டது.

"நக்கோண்ணா, வேணாம், போதும்னு சொல்லிடு" என்றேன்.

"அவர் இன்னும் முடியாதுன்னு சொல்லலையே."

சொல்லியிருந்தால் வேறு வாசலுக்குப் போயிருப்பான். அந்த மனிதர் சொல்லவே இல்லை.

கடைசியில் நான் போட்ட சண்டையில் வாக்கை மீறி, சீரியல் எடுக்கும் ஒரு அம்மாளைப் பார்க்க ஒத்துக்கொண்டான். அவனைப் பார்த்ததும் அந்த அம்மாள் "அட, நீங்களா!" என்று முகம் மலர்ந்தார். நல்ல சகுனம் என்று நினைத்தேன். அண்ணன் ஆரம்பித்ததும் கை காட்டி நிறுத்தினார்.

"செகந்திராபாத் ஸ்டேஷன்ல அப்பா பொண்ணைத் தொலைச்சிடுவாரே, அதானே? ஜூப்ளி ஹில்ஸ் பெரியவர் வீட்டு விருந்துல நீங்க சொல்லிக் கேட்டேன் பாபு. இந்த ஊர்ல கேக்காதவங்க யாரு? அந்த ஸ்டேஷன் சீனை எங்க சீரியல்லகூட போட்டோமே, பாக்கலையா?"

பாராட்டுவதாகத்தான் நினைத்துச் சொன்னார். அண்ணன் எழுந்து கும்பிட்டான்.

அடுத்த ஞாயிறு தயாரிப்பாளர் வீட்டிலிருந்து போன். துபாயிலிருந்து யாரோ வந்திருக்கிறார்களாம். அண்ணன் இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டான். எனக்கு வந்ததே கோபம், வாசலை மறித்து நின்றேன்.

"கைக்குண்ணா, எதுக்குப் போற? இன்னும் என்ன இருக்கு அங்க?"

"அங்க மட்டும்தான் அதை இன்னும் என் கதைன்னு கேக்கறாங்க" என்றான்.

ஒதுங்கி வழிவிட்டேன்.