ஏரி ரோட்டில் கூட்டம்

1999 ஆகஸ்ட் 14, காலை 6.40. அன்றைய பட்டியலில் ஒன்பது பேர். ஏற்காட்டு மலையில் வெள்ளக்கடையிலிருந்து ஃபோன். பேசியவர் ரோஸ்லின் அக்காவின் கணவர், எஸ்டேட்டில் கணக்கு எழுதும் ரைட்டர். "முடிஞ்சு போச்சுங்க தம்பி" என்றார். அவசரமான இரண்டு பேரை மட்டும் ஸ்கேன் செய்தேன். மற்ற ஏழு பேரைத் திங்கட்கிழமை வரச் சொல்லிவிட்டு மலைக்குப் பஸ் ஏறினேன்.

நம் ஸ்கேன் மையத்தில் அக்கா நர்ஸ், நான் எம்.ஆர்.ஐ. இயந்திரத்தை ஓட்டுபவன். எனக்குப் பொறுமை கிடையாது. இதைப் படிக்கும் மையத்து ஆட்களான உங்களுக்கு அது தெரியும். நோயாளி கொஞ்சம் அசைந்தாலும் மைக்கில் கத்துவேன். ஒருநாள் அக்கா கதவைத் திறந்து கேட்டார்: "ஏஞ்சாமி, நீ கத்துனா மிஷினு வெரசா ஓடுமா? அவுங்க பயந்துட்டு இன்னும் ஆடறாங்க." கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னது சரி.

போன வருடம் இயந்திரத்தில் ஒரு புது வசதி வந்தது. மூளைக் கட்டிக்குள் தண்ணீர் எவ்வளவு நகர்கிறது என்று காட்டும் படம். செல்கள் நெருக்கியடித்துக் கிடந்தால் தண்ணீர் நகராது. அந்த இடம் கறுப்பாக விழும். வேகமாக வளரும் மோசமான கட்டியில் அப்படி இருக்க வாய்ப்பு அதிகம். இதை ஒரு நோயாளியின் மகனுக்கு இருபது நிமிடம் விளக்கினேன். அவர் புரியாமல் விழித்தார். அக்கா குறுக்கே வந்தார்.

"ஏனுங்க, ஏற்காடு போயிருக்கீங்களா? செவ்வாக்கெழம ஏரி ரோட்டுல கைய வீசிட்டு நடக்கலாம். மலர்க் கண்காட்சி அன்னிக்கு ஒரு எட்டு வெக்க முடியுமா? கட்டிக்குள்ள ரோடு காலியா, கூட்டமான்னு தம்பி பாக்குது. அவ்வளவுதானுங்க."

அதற்குப் பிறகு நமக்குள் அதுதான் பேச்சு. காலியா, கூட்டமா.

ஜனவரி கடைசியில், பஞ்சு கேட்க வந்த அக்காவுக்குப் பஞ்சு என்ற சொல் வரவில்லை. விரல்களைப் பிசைந்து காட்டினார். அந்த வாரமே அவரை மேசையில் படுக்க வைத்தேன். இடது பக்கம், பேச்சுக்குரிய இடத்தை ஒட்டிக் கட்டி. மருந்து ஏற்றி எடுத்த படத்தில் அது வெளிச்சமாகவில்லை. அதனால் மெதுவாக வளரும் வகையாக இருக்கலாம் என்றார் டாக்டர். தண்ணீர்ப் படத்தில் மட்டும் ஒரு மூலையில் காப்பிக்கொட்டை அளவுக்குக் கறுப்பு. திரும்ப எடுத்தேன். இன்னொரு முறையும் எடுத்தேன். போகவில்லை. டாக்டரிடம் காட்டினேன். "புது வசதி, இதை வைத்துத் தரம் சொல்ல முடியாது. சதை எடுத்துப் பார்த்தால்தான் உறுதி" என்றார். அன்றைக்கு அது தவறான பதில் இல்லை.

மேசையிலிருந்து இறங்கும்போது அக்கா கேட்டார். "ரோட்டுல கூட்டமா சாமி?"

முகத்துக்கு நேரே உண்மையைச் சொல்லி நோயாளிகளிடம் திட்டு வாங்குகிறவன் நான். அவரிடம், "இல்லக்கா. காலியாத்தான் இருக்கு" என்றேன்.

"அப்ப ஆப்பரேசன் ஈஸ்டர் கழிஞ்சு ஆகட்டும்."

அறுவை செய்தால் பேச்சு போகலாம் என்று சொல்லியிருந்தார்கள். மகன் சேவியர் துபாயிலிருந்து ஈஸ்டருக்கு வருவதாக இருந்தான். இரண்டு மாதத்துக்கு மேல் அக்கா வேலைக்கு வந்தார். தினமும் அவர் முகத்தைப் பார்த்தும் உண்மையைச் சொல்லவில்லை.

அறுவைக்கு முன்பு கடைசி ஸ்கேன். மேசையில் உட்கார்ந்துகொண்டு, சொற்களைத் தேடி நிறுத்தி நிறுத்திப் பேசினார். "நொம்ப நாளா மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டுத் திரியறே. எனக்கு அன்னிக்கே தெரியுங் கண்ணு."

"எப்படிக்கா?"

"அந்தப் படத்துக்கு வர்ற டரடரச் சத்தம் ஒருக்காத்தான வரோணும்? எனக்கு மூணுவாட்டி வந்துச்சு. காலி ரோட்ட மூணுவாட்டி யாரு போயிப் பாப்பாங்க?" சிரித்தார். பிறகு சிரிப்பு நின்றது. "பையங்கூடப் பேசிட்டேன். பேச வேண்டியதெல்லாம் பேசிட்டேன். எனக்குச் சொன்ன பொய்யி போவுது. வேற ஆருக்கும் சொல்லீராத. அவுங்களுக்குச் சத்தம் எண்ணத் தெரியாது."

சதைப் பரிசோதனையில் கட்டியின் மற்ற பகுதி இரண்டாம் தரம். அந்தக் கறுப்பு மூலை மட்டும் நான்காம் தரம், இருப்பதிலேயே மோசமானது. அறுவைக்குப் பின் அவர் முழு வாக்கியம் பேசவில்லை. ஜூன் மாதம் அவர் வீட்டுக்குப் போனபோது, கட்டிலில் இருந்தபடி என்னைப் பார்த்து மூன்று விரலைக் காட்டிச் சிரித்தார்.

அவருக்குக் காது இருந்தது; அதனால் அவருடைய முடிவை அவரே எடுத்தார். என் பொய் யாரையும் காப்பாற்றவில்லை. அவரிடமிருந்து என்னிடம் இருப்பது அந்த மூன்று படங்கள். இனி செய்யப்போவது:

1. மூன்று படங்களையும் சதைப் பரிசோதனை முடிவையும் டாக்டரின் மேசையில் வைப்பேன். ஒருவரின் படத்தால் எதுவும் உறுதியாகாது. அதனால் இனி வரும் ஒவ்வொரு மூளைக் கட்டிக்கும் தண்ணீர்ப் படத்தையும் சதை முடிவையும் சேர்த்து எழுதி வைப்பேன்.

2. ஒரு படத்தைத் திரும்ப எடுத்தால், ஏன் என்று மைக்கில் சொல்வேன். கத்தாமல்.

3. கேட்பவரிடம் காலி என்று சொல்ல மாட்டேன். "ஒண்ணு கறுப்பா தெரியுதுங்க. என்னன்னு எனக்குத் தெரியல. வாங்க, டாக்டர்கிட்ட போலாம்" என்று சொல்லி, கூடவே போவேன்.

4. நாளை திங்கள். அந்த ஏழு பேரில் முதல் ஆளுக்குத் தலையில் கட்டி. காலை எட்டு மணி.