மஞ்சள் அடித்த டப்பா

மார்கழி மூன்றாம் வாரம், செவ்வாய்க்கிழமை. பதினாலு வருஷம் மெக்கானிக்காக இருந்த லாரி ஷெட்டை விட்டு என் அண்ணன் மணிவேல் அன்றுதான் வெளியேறினான். “டூல்ஸ் பெட்டி கனமா இருக்குது, வண்டி எடுத்துட்டு வா” என்று போன் செய்திருந்தான். மூன்று வருஷம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு நான் வீடு திரும்பி நாலு நாள்தான் ஆகியிருந்தது. வேங்கிக்கால் பைபாஸில் ஸ்கூட்டரை நிறுத்தும்போதே முதலாளி ஆதிமூலத்தின் சத்தம் கேட்டது.

“கண்டதை மாட்டி என் இன்ஜினைத் தின்னுட்டியேடா! கம்பெனிக்காரனுக்குத் தெரியாதது உனக்குத் தெரிஞ்சிடுச்சா?”

“டப்பா ரொம்பிப் போயிருக்குது முதலாளி. டியூப்ல அளவு பாத்து வடிக்கணும்னு சொன்னேன்ல.”

“திருமலை, சொன்னானா?”

டிரைவர் திருமலை தரையைப் பார்த்தான். “ஞாபகம் இல்லீங்க.”

பெட்டியைத் தூக்க ஒருவரும் கை கொடுக்கவில்லை.

இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் டர்போ இருக்கிற வண்டியில், இன்ஜின் விடும் மூச்சோடு எண்ணெயும் ஆவியாக வரும். அது திரும்ப டர்போவுக்குள் போய்க் குழாயெல்லாம் பிசுபிசுவென்று அடையும். நடுவில் ஒரு டப்பாவை மாட்டினால் எண்ணெய் அதில் தங்கிவிடும். அண்ணன் அதைத் தன் கையாலேயே செய்தான். உள்ளே திணிக்க அம்மாவின் பாத்திரம் தேய்க்கும் கம்பி நாரை எடுத்துப்போய்த் திட்டும் வாங்கினான். அளவு தெரிய, பக்கத்தில் ஒரு கண்ணாடி டியூப், அதில் சிவப்புக் கோடு. எண்ணெய் கோட்டைத் தொட்டால் அடித் திருகைத் திறந்து வடிக்க வேண்டும், அவ்வளவுதான்.

ஆடியில் அதைத் திருமலை ஓட்டும் லாரியில் மாட்டினான். மார்கழியில் போளூர் ரோட்டில், ரொம்பிய டப்பாவிலிருந்து எண்ணெய் டர்போவுக்குள் பாய்ந்தது. சாவியைத் திருப்பியும் இன்ஜின் நிற்காமல், அந்த எண்ணெயையே குடித்து அலறியது. திருமலை டாப் கியரைப் போட்டு, பிரேக்கை மிதித்து நிறுத்தினான். அதற்குள் இன்ஜின் போய்விட்டது.

ஷெட்டை விட்டு வந்த அன்று மாலை அண்ணன் தன் போனை நீட்டினான். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் திருமலை அனுப்பிய வீடியோ. வண்டிக்குப் பெயிண்ட் அடிக்கிறார்கள். “ஒரு இடம் விடாம அடிடா, பூஜைக்குப் பளிச்சுனு இருக்கணும்!” ஆதிமூலத்தின் குரலேதான். பெயிண்டரின் பிரஷ் டப்பாமேல் போகிறது, டியூப்மேலும் போகிறது. சிவப்புக் கோடு மஞ்சளுக்கு அடியில் மறைகிறது.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. “இதை அந்த ஆள் மூஞ்சில காட்டுண்ணா!”

“காட்டினா திருமலை வேலை போயிடும்.”

“அவன் உனக்காக வாயத் தொறந்தானா?”

“ரெண்டு புள்ளைங்க இருக்குது அவனுக்கு. பூஜைக்கப்புறம் நானும் ஒரு தடவை போய்ப் பாத்திருக்கணும்.”

கையிலிருந்த டம்ளரை அவன்மேல் எறியத் தோன்றியது. சுவரில் எறிந்தேன்.

பிறகு அண்ணன் கீழ்பென்னாத்தூர் ரோட்டில் தார்ப்பாய் கட்டி டிராக்டரும் அறுவடை மெஷினும் ரிப்பேர் பார்த்தான். டர்போ லாரி ஒன்றுகூட வரவில்லை. பைபாஸ் முழுக்க அவன் பெயர் ‘டப்பா மணி’ என்று ஆகியிருந்தது. டீக்கடையில் ஒருவன், “என்னா டப்பா, வண்டிக்கு டிபன் கேரியர் மாட்டுவியா?” என்று கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தான். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை. எந்த இன்ஜினையும் சத்தம் கேட்டே நோய் சொல்லுகிறவன், தன் பெயர் கெடும்போது மட்டும் செவிடனாகிவிட்டான்.

ஒரு வருஷமும் எட்டு மாதமும் போயின. ஆவணியில் ஒரு நாள் அண்ணனின் போன் சத்தமிட்டது. அவன் கையெல்லாம் கிரீஸ். “யாருன்னு பாரு” என்றான். ஆதிமூலம். பழைய டப்பாவின் போட்டோ. டியூபில் ஒரு விரல் அகலத்துக்கு மஞ்சளைப் பிளேடால் சுரண்டியிருந்தது, அங்கே சிவப்புக் கோடு. மன்னிப்பு என்ற வார்த்தையைத் தேடினேன், இல்லை. இருந்ததைச் சத்தமாகப் படித்தேன்:

“மணி, புது வண்டி எடுத்திருக்கேன். இதே மாதிரி டப்பா ஒண்ணு மாட்டணும். யார் செஞ்சதுன்னு கேட்டவங்களுக்கு உன் பேரைத்தான் சொன்னேன். பூஜைக்கு முன்னாடியே வா. பெயிண்டர் பிரஷ் எடுக்கும்போது நீ பக்கத்துல நிக்கணும்.”