மச்சான் எவரிஸ்தோவைச் சுட்டு வீழ்த்திய ஞாயிற்றுக்கிழமை

தாந்தில் ஊரில் ஒரு கண்ணாடிக் கடையின் பின்னறையில் எவரிஸ்தோ லூக்கேவுக்கு வேலை. மூக்குக் கண்ணாடி வில்லைகளைச் சட்டத்துக்கு ஏற்றபடி தேய்த்துப் பொருத்துவான். ஊருக்கு வெளியே விமானப்படைத் தளம் இருந்ததால், சின்ன வயதிலிருந்தே தலைக்கு மேலே போர் விமானங்கள் கிழித்துக்கொண்டு போவதைப் பார்த்து வளர்ந்தவன். பள்ளிக்கூடம் முடித்த கையோடு விமானிப் பயிற்சிக்காகக் கோர்தோபாவுக்குப் போனான். அங்கே ஒரு ராணுவ மருத்துவர் புள்ளிகள் நிறைந்த அட்டையைக் காட்டி, "இதுல என்ன எண்ணு தெரியுது?" என்று கேட்டார். எண் எதுவும் தெரியவில்லை. சிவப்பும் பச்சையும் அவன் கண்ணுக்கு ஒரே மாதிரி என்பது அன்றுதான் அவனுக்கே தெரிந்தது. மறுநாள் பஸ் ஏறி ஊருக்கு வந்துவிட்டான். அதைப் பற்றி யாரிடமும் அதிகம் பேசியதில்லை.

நாற்பது வயதைத் தாண்டிய பிறகுதான் அவனுக்குப் பறக்கக் கிடைத்தது. வீட்டில் துணி துவைக்கும் அறையின் ஒரு மூலையில், உடைந்துபோன லாரி ஒன்றின் இருக்கையைத் தரையில் முடுக்கிவைத்தான். வலக்கைக்கு ஜாய்ஸ்டிக், இடக்கைக்கு வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் தண்டு, காலுக்கு மிதிகள். சில வருஷம் கம்ப்யூட்டர் விளையாட்டு விமானத்தைச் சாதாரணத் திரையில் ஓட்டினான். பிறகு தலையில் மாட்டிக்கொள்ளும் வி.ஆர். கண்ணாடி வந்தது. முதல்முறை அதை மாட்டிக்கொண்டபோது, தலைக்கு மேலிருந்த விமானத்தின் கண்ணாடிக் கூரையைத் தொட்டுப் பார்க்கக் கையை நீட்டினான். கையில் பட்டது அவன் மனைவி நொயெமி காயப்போட்டிருந்த ஈரத் துண்டு. அதற்காக அவன் சந்தோஷம் ஒன்றும் குறைந்துவிடவில்லை. கழுத்தைத் திருப்பினால் பின்னால் வால் தெரிந்தது. குனிந்தால் தன் முழங்கால், அதற்கும் கீழே கடல். தலைசுற்றலுக்கு முகத்துக்கு நேரே ஒரு மின்விசிறியை வைத்துக்கொண்டான். அந்தக் காற்று பட்டதும் பறப்பது இன்னும் நிஜமாகிப் போனது.

சனிக்கிழமை பிற்பகல்களில் அவனோடு பறக்க நாடெங்கிலும் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். தங்கள் குழுவுக்கு ஆட்காட்டிகள் என்று பெயர் வைத்திருந்தார்கள். மேய்ச்சல் வெளியில் மனித வாடை பட்டதும் கத்துகிற பறவையின் பெயர். எவரிஸ்தோவின் கண் விஷயம் தெரிந்த நாளிலிருந்து அவர்கள் அவனைப் பச்சை என்றே கூப்பிட்டார்கள். நெவ்கேனில் பழக்கடை வைத்திருந்த நவுவேல்தான் எப்போதும் அவனுக்குப் பக்கத்தில் பறப்பவன்.

"பச்சை, உன் பின்னாடி ஒருத்தன் வர்றான், பாத்தியா?"

"பாத்தேன்டா. உங்க அத்தை சந்தைக்குப் போற மாதிரி ஆடி அசைஞ்சு வர்றான்."

"எங்க அத்தை உன்னைவிட நல்லா ஓட்டுவா. திரும்புடா, திரும்பு."

அந்த வருஷம் ஆட்காட்டிகள், மல்வினாஸ் தீவுகளுக்காக நாற்பது வருஷத்துக்கு முன் தங்கள் நாடு ஆங்கிலேயரோடு நடத்திய போரை விளையாட்டில் எடுத்துக்கொண்டு பறந்தார்கள். தாழ்வாக, அலை நுனி இறக்கையில் படும் உயரத்தில் கடலைக் கடந்து தீவுகளுக்குப் போய்த் திரும்ப வேண்டும். பெரும்பாலும் திரும்ப முடியாது. முடிந்துவிட்டால் அந்த வாரம் முழுக்க எவரிஸ்தோ கடையில் விசில் அடித்தபடி வில்லை தேய்ப்பான்.

நொயெமியின் அண்ணன் அன்செல்மோ உண்மையாகவே அந்தப் போருக்குப் போனவர். பத்தொன்பது வயதில் கட்டாயப் படைச்சேவைக்கு இழுத்துப் போனார்கள். திரும்பி வந்த பிறகு பஸ் நிலையத்தில் சீட்டுக் கொடுக்கும் வேலை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் தங்கை வீட்டுக்கு வந்து அடுப்பில் கரி மூட்டுவார், கறி சுடுவார், மதியம் நாற்காலியிலேயே தூங்கிப்போவார். தீவில் என்ன நடந்தது என்று யாராவது கேட்டால், "குளிரு. வேற என்ன," என்பார். போருக்குப் போய் வந்தவர்களின் சங்கத்தில்கூட அவர் சேரவில்லை.

மார்ச் மாதத்து ஞாயிறு ஒன்றில் சாப்பாடு முடிந்ததும் அவராகவே எழுந்து துவைக்கும் அறைக்கு வந்தார். எவரிஸ்தோ திரையில் எதையோ சரிசெய்துகொண்டிருந்தான். தீவின் விமான ஓடுபாதை மேலிருந்து தெரிந்தது.

"இது அந்த இடமா மாப்பிள்ளை?"

எவரிஸ்தோவுக்கு முகம் சூடேறிவிட்டது. "சும்மா, பசங்களோட விளையாடறது மச்சான். மூடிடறேன்."

"ஏன் மூடற? அதை என் தலையில மாட்டு."

நொயெமி வாசலில் வந்து நின்றாள். "வேண்டாம் அண்ணே. நல்லா இருக்கற வயித்தைக் கெடுத்துக்காதீங்க. இவருக்கே முதல்ல வாந்தி வந்துச்சு."

"கப்பல்ல போகும்போது பாதிப் படைக்கு வாந்தி. இது என்ன," என்று சொல்லி அவர் லாரி இருக்கையில் உட்கார்ந்தார்.

முதலில் நன்றாகத்தான் இருந்தது. எவரிஸ்தோ அவர் கையைப் பிடித்து எதை எங்கே அழுத்துவது என்று காட்டினான். விமானம் கடல் மேல் ஏறியது. அன்செல்மோ தலையை இப்படியும் அப்படியும் திருப்பி, வாய்விட்டுச் சிரித்தார். அண்ணன் அப்படிச் சிரித்துப் பார்த்து எத்தனை காலமாயிற்று என்று யோசித்து நொயெமியும் சிரித்தாள். தீவு நெருங்கியது. மேகத்திலிருந்து விமானம் கீழே இறங்கியதும், ஓடுபாதை ஓரத்திலிருந்து நெருப்புப் பொட்டுகள் வரிசையாக மேலெழுந்து வந்தன. மெதுவாகக் கிளம்பி, பக்கத்தில் வர வர வேகமெடுத்து, தலையைத் தாண்டிப் பாய்ந்தன.

"அது யாரு, கீழ?" என்றார் அன்செல்மோ.

"யாருமில்ல மச்சான். கம்ப்யூட்டர் தானா சுடுது."

"நாங்கதான் அது," என்றார் அவர். கண்ணாடியைக் கழற்றித் துவைக்கும் இயந்திரத்தின் மேல் மெதுவாக வைத்தார். மேல்கோட்டை எடுத்துக்கொண்டு யாரிடமும் சொல்லாமல் போய்விட்டார்.

மறுநாள் காலையில், மாத்தே இலைத்தேநீர்க் குடுவையை அவன் பக்கம் தள்ளியபடி நொயெமி சொன்னாள்.

"நாப்பது வருஷமா அவரு அதை ஒரு மூலையில போட்டு மூடி வச்சிருந்தாரு. நீ உன் பொம்மையைக் காட்டித் திறந்துவிட்டுட்ட."

"அவருதானே கேட்டாரு?"

"பிள்ளை கத்தியைக் கேட்டாலும் எடுத்துக் குடுப்பியா?"

அடுத்த ஞாயிறு அன்செல்மோ வரமாட்டார் என்று இருவரும் நினைத்தார்கள். வந்தார். கரி மூட்டவில்லை. சமையலறை மேசையில் உட்கார்ந்து, ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துக் குவித்தபடி சொன்னார்.

ஓடுபாதை ஓரத்துப் பீரங்கியில் அவர் இருந்தார். கைப்பிடியைச் சுற்றிக் குழாயைத் திருப்பும் வேலை. ஒரு சாயங்காலம் மேகத்திலிருந்து ஒரு விமானம் இறங்கியது. சார்ஜென்ட் சுடச் சொல்லிக் கத்தினார். சுட்டார்கள். புகை கக்கிக்கொண்டு அது கடல் பக்கம் போனது. பசங்களெல்லாம் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள், அவரும் குதித்தார். மறுநாள் சூப் வாங்க வரிசையில் நிற்கும்போது ஒருவன் அவர் காதோடு சொன்னான், அது நம்முடையது என்று. சார்ஜென்டிடம் கேட்டதற்கு வாயை மூடு என்றார்.

"யாருகிட்டயும் சொன்னதில்லையா அண்ணே?" நொயெமியின் குரல் அடங்கிப்போயிருந்தது.

"என்னன்னு சொல்ல? எனக்கே தெரியாததை?"

பிறகு அவர் எவரிஸ்தோவின் பக்கம் திரும்பினார். "உன் விளையாட்டுல கீழ பீரங்கியில ஆளு உட்கார முடியுமா?"

"முடியும்." பொய் சொல்லியிருக்கலாம். சொல்லத் தோன்றவில்லை.

"அப்ப நான் உட்கார்றேன். நீ மேகத்துலேர்ந்து வா. ஒரு தடவை நம்ம விமானத்துல வா, ஒரு தடவை அவனுங்களோடதுல வா. எதுன்னு எங்கிட்ட சொல்லாத. கண்டுபிடிக்க முடியுமா முடியாதான்னு எனக்குப் பாக்கணும்."

எவரிஸ்தோ மனைவியைப் பார்த்தான். அவள் அண்ணனுக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

பழைய கம்ப்யூட்டரைச் சமையலறை மேசையில் வைத்து இணைத்தான். அன்செல்மோ சொல்லச் சொல்ல மேகத்தைத் தாழ்த்தி, வெளிச்சத்தைச் சாயங்காலமாக்கினான். எல்லாம் முடிந்ததும் தன் மூலைக்குப் போய்க் கண்ணாடியை மாட்டிக்கொண்டான். சமையலறைக்கும் அவனுக்கும் நடுவே ஒரு சுவர்தான். மச்சானின் மூச்சு காதுக்கருவியில் கேட்டது, இருமல் சுவர் வழியாகவும் கேட்டது.

முதலில் எதிரி விமானத்தில் போனான். சாம்பல் மேகத்திலிருந்து விடுபட்டதும் ஓடுபாதை தெரிந்தது. யாரும் சுடவில்லை. பீரங்கியின் தலைக்கு மேலேயே பறந்து தாண்டினான்.

"நம்மது," என்றார் அன்செல்மோ.

"இல்ல மச்சான். குண்டு போட்டிருந்தா நீங்க யாரும் மிஞ்சியிருக்க மாட்டீங்க."

"சரி. மறுபடி வா."

இரண்டாவது முறை நம் விமானம். எத்தனையோ சனிக்கிழமை அவனை வானத்தில் எவனெவனோ சுட்டிருக்கிறான். அப்போதெல்லாம் கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு, சிரித்துவிட்டு, திரும்பத் தொடங்கிவிடுவான். இந்தமுறை கீழே இருப்பவரை அவனுக்குத் தெரியும். மேகத்தைவிட்டு இறங்கியதும் நெருப்புப் பொட்டுகள் கிளம்பின. விலகலாம், பழகிய கை தானாக விலகப் பார்த்தது. ஆனால் அன்று வந்தவன் நம் ஆட்கள்தானே என்று நம்பி நேராகத்தானே வந்திருப்பான் என்று நினைத்து, ஜாய்ஸ்டிக்கை நகர்த்தாமல் பிடித்துக்கொண்டான். முன் கண்ணாடி வெடித்தது. கால் பக்கத்திலிருந்து புகை எழும்பி முழங்காலை மறைத்தது. மின்விசிறியின் காற்று முகத்தில் அடித்துக்கொண்டே இருக்க, கடல் சுழன்று சுழன்று மேலே வந்தது.

"அவனுங்களோடது," என்றார் அன்செல்மோ. "மாப்பிள்ளை? அவனுங்களோடதுதானே?"

"நம்மது மச்சான்."

அவர் நிறுத்தவில்லை. வா என்றார், போனான். திரும்ப வா என்றார். சில தடவை சரியாகச் சொன்னார், சில தடவை தப்பு. கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருந்தாலும் அவ்வளவு சரியாக வந்திருக்கும். கடைசியில் அவர் குரல் தேய்ந்துபோனது.

"வயிறு மட்டும்தான் தெரியுது. எல்லாத்துக்கும் ஒரே மாதிரி கறுப்பு வயிறு."

எவரிஸ்தோ கண்ணாடியைக் கழற்றிப் போட்டுவிட்டுச் சமையலறைக்கு வந்தான். அவன் சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. நொயெமி அண்ணனின் முதுகில் கை வைத்திருந்தாள்.

"பாத்தீங்கல்ல மச்சான்? யாராலயும் கண்டுபிடிச்சிருக்க முடியாது. அப்ப உங்க மேல தப்பு இல்லன்னுதானே ஆகுது?"

"தப்பு யாருதுன்னா நான் கேட்டேன்?" என்றார் அன்செல்மோ. அவர் கோபப்படவில்லை. "அதுல இருந்தது யாருன்னு கேக்கறேன்."

அதன் பிறகு அன்செல்மோ நன்றாகச் சாப்பிட்டார். அவரை வீட்டுக்குப் போக பஸ்ஸில் ஏற்றிவிட்டு வந்த நொயெமி, படிக்கட்டில் உட்கார்ந்து அழுதாள்.

அந்தச் சனிக்கிழமை எவரிஸ்தோ ஆட்காட்டிகளோடு பறந்தான். தீவை நெருங்கியதும் தரையிலிருந்து நெருப்பு கிளம்பியது. அவன் பார்வை எதிரி விமானத்தை விட்டுவிட்டு, கைப்பிடி சுற்றுகிறவனைத் தேடிக் கீழே போயிற்று. நவுவேல் கத்தினான்.

"பச்சை, எங்கடா பாக்கற? தூங்கறியா?"

சுடப்பட்டு விழுந்தான். அடுத்த வாரம், தீவுப் போருக்கு இனி வரவில்லை, வேறு ஏதாவது போருக்குக் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டான்.

"ஏன், எங்க அத்தை சுட்டுட்டாளா?" என்றான் நவுவேல்.

"எங்க மச்சான் சுட்டுட்டாரு," என்றான் எவரிஸ்தோ. எல்லாரும் சிரித்தார்கள். அவன் விளக்கவில்லை.

அன்செல்மோ ஏப்ரலில் போர்வீரர் சங்கத்துக்குப் போனார். அங்கே விசாரித்ததில் சார்ஜென்ட் உயிரோடு இருப்பதும், பாயியா பிளாங்காவில் மகள் வீட்டில் இருப்பதும் தெரிந்தது. எவரிஸ்தோதான் காரில் கூட்டிப் போனான். சார்ஜென்ட் இப்போது குச்சியாகிவிட்ட கிழவர். கால்மேல் கம்பளி போட்டு உட்கார்ந்திருந்தார். அன்செல்மோவை அவருக்கு அடையாளம் தெரியவில்லை, ஆனால் கேள்வியைக் கேட்டதும் உடனே பதில் சொன்னார்.

"எதிரி விமானம். சந்தேகமே இல்ல. என் கண்ணால பாத்தேன்."

"சமையக்கூடத்துல வேற மாதிரி சொன்னாங்க சார்ஜென்ட்."

"சமையக்காரனுக்கு விமானத்தைப் பத்தி என்ன தெரியும்?"

வாசல்வரை வழியனுப்ப வந்த மகள், கதவைச் சாத்திக்கொண்டு தாழ்ந்த குரலில் சொன்னாள். "அப்பா சொன்னதைக் கேட்டு மனசைத் தேத்திக்கிறதோ வேதனைப்படுறதோ வேண்டாம். போன வருஷம் இதையே கேட்டு வந்தவருகிட்ட அப்படி ஒரு விமானமே வரலன்னாரு."

திரும்பும் வழியெல்லாம் வயல் வெளி. அறுவடை முடிந்து தரை வெறுமையாகக் கிடந்தது. அன்செல்மோ நெடுநேரம் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த விளையாட்டை இன்னும் ஆடறியா?" என்று அவர் கேட்டார்.

"தீவுக்குப் போறதில்ல. மத்தபடி ஆடறேன்."

"பிடிச்சிருக்கா?"

இல்லை என்று சொன்னால் அவருக்கு ஆறுதலாக இருக்குமோ என்று யோசித்தான். சனிக்கிழமை பிற்பகலில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேகத்தைக் கிழித்து வெளியே வரும்போது நெஞ்சு இன்னமும் துள்ளத்தான் செய்தது.

"பிடிச்சிருக்கு மச்சான். அதை நினைச்சா எனக்கே வெக்கமா இருக்கு."

அன்செல்மோ தலையாட்டினார். சரி என்கிறாரா, புரிகிறது என்கிறாரா என்று தெரியவில்லை. "அடுத்த ஊர்ல நிறுத்து. மாத்தேக்கு வெந்நீர் தீர்ந்துபோச்சு," என்று சொல்லிவிட்டு, காலியான பிளாஸ்கை மடியில் வைத்துக்கொண்டார்.