ஐம்பது நிமிடப் பயணம்

பெரியம்மாவுக்கு மோசம், உடனே வரவும் என்று தந்தி வந்தபோது எனக்கு ஏழு வயது. தாய் தகப்பன் இல்லாத அம்மாவை வளர்த்து ஆளாக்கியது அவருடைய அக்காவான இந்தப் பெரியம்மாதான். அவர் வாக்கப்பட்டுப் போனது மலைக்கு அந்தப் பக்கம் இருந்த கிளந்தானுக்கு. நாங்கள் இருந்தது ஈஜோக் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டத்தில். பஸ்ஸில் போனால் மலையைச் சுற்றிக்கொண்டு ஒரு நாள் முழுக்க ஆகிவிடும் என்றார் அப்பா. தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி, ஆபீஸ் சுவரில் இருந்த வரைபடத்தில் அடிக்கோலை வைத்துப் பார்த்தார்.

“நேரா போனா முந்நூத்துச் சொச்சம் கிலோமீட்டர்தான். சுபாங்ல ஏரோப்ளேன் ஏறுனா ஐம்பது நிமிஷத்துல கிளந்தான் கோத்தா பாருல எறங்கிடலாம்லா.”

அம்மா அந்த ஐம்பது நிமிஷத்தை இறுகப் பிடித்துக்கொண்டார். நானோ எங்கள் லயத்து வரிசையில் வீடு வீடாகப் போய், ஏரோப்ளேனில் போகப்போகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். பெரியம்மாவின் உடம்பைப் பற்றி யாரிடமும் சொன்னதாக நினைவில்லை.

அப்பாவுக்கு லீவு கிடைக்கவில்லை. மறுநாள் விடியுமுன் அம்மாவும் நானும் செம்பனைக் குலை ஏற்றும் லோரியில் ஈஜோக் வந்தோம். முதல் பஸ் நிற்காமல் போய்விட்டது. அடுத்ததில் கோலாலம்பூர் வரை நின்றுகொண்டே போனோம். அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்துச் சுபாங் வந்து சேர்ந்தபோது அம்மாவின் சேலை கசங்கி, கால்கள் வீங்கியிருந்தன. பகல் பன்னிரண்டுக்கு விமானம். சரியாக அந்த நேரம் பார்த்து மழை பிடித்துக்கொண்டது. கண்ணாடிக்கு அப்பால் ஒன்றுமே தெரியவில்லை.

அம்மா எழுந்து எழுந்து போய், இன்னும் எவ்வளவு நேரம் என்று அரைகுறை மலாயில் கேட்டார். கவுன்ட்டரில் இருந்த பெண் ஒவ்வொரு தடவையும் அதே பதிலைச் சொன்னாள்.

“கொஞ்ச நேரமாம்,” என்று என்னிடம் சொல்லிவிட்டு அம்மா மறுபடி உட்காருவார். அப்படியே நான்கு மணி நேரம் போனது. அதற்குள் தோட்டத்துக்கு இரண்டாவது தந்தி வந்திருக்கிறது. அது எங்களுக்குத் தெரிய வழியில்லை.

விமானத்தில் எனக்கு ஜன்னலோர இடம். தனக்குக் கொடுத்த ஆரஞ்சுச் சாற்றை அம்மா என் பக்கம் தள்ளினார்.

“ஒங்களுக்கு வேணாமா?”

“நீ குடி.”

இரண்டையும் குடித்து முடிப்பதற்குள் தரை தெரிந்துவிட்டது. கிராணியின் கணக்கு சரிதான். இன்னும் கொஞ்சம் சுற்றினால் என்ன என்று எனக்கு ஏமாற்றமாக இருந்தது.

வெளியே பெரியம்மாவின் மகன் நின்றிருந்தார். எனக்கு அண்ணன் முறை. தலையைச் சுத்தமாக மழித்திருந்தார். அதைப் பார்த்த இடத்திலேயே அம்மா பையைப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

“ராத்திரியே போயிட்டாங்க சின்னம்மா. அதுக்கு மேல வச்சிருக்க முடியல,” என்றார் அண்ணன். “மூணு மணிக்கு எடுத்துட்டோம்.”

“ரெண்டு மணி நேரம் பொறுத்திருக்கக் கூடாதாய்யா?”

எங்கள் தோட்டத்தில் அப்படி மொட்டை போட்டவர்கள் காவடி எடுப்பவர்கள்தான். நான் அண்ணனின் கையைப் பிடித்து இழுத்தேன்.

“காவடியா எடுத்தீங்க?”



“ஆமா பாப்பா,” என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டார்.

டாக்சியில் அம்மா அழுகையை நிறுத்தவேயில்லை. காவடியைப் பார்க்க முடியாமல் போனதற்கு நானே அழவில்லை, இவ்வளவு பெரியவர் இப்படி அழுகிறாரே என்று எனக்கு எரிச்சலாக வந்தது.